மழைக்கு முன் சூளை வீட்டுக் கூரை: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். சென்னை சூளையில் நாங்கள் வாடகைக்கு எடுத்து நடத்தும் தங்கும் வீட்டை உங்களில் பலருக்குத் தெரியும். வெளி மாவட்டங்களிலிருந்து பிளட் கேன்சர் சிகிச்சைக்கு வரும் குழந்தைகள், ஒரு கீமோவுக்கும் அடுத்த கீமோவுக்கும் நடுவில் பெற்றோருடன் அங்கே தங்குகிறார்கள். பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடம், அதாவது மர உத்தரங்கள் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கூரை. போன மழையில் கூரை ஒழுகி, பின்பக்க அறைகள் இரண்டிலும் சுவரில் ஓதம் ஏறிப் பூசணம் பூத்துவிட்டது. அவற்றைப் பூட்டி வைத்திருக்கிறோம். ஐப்பசி மழைக்குள் சரிசெய்யாவிட்டால் மற்ற அறைகளையும் பூட்ட வேண்டிவரும்.

"சுண்ணாம்பு அடித்தால் போதாதா?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம் வீட்டுக்கு அது போதும், இந்தக் குழந்தைகளுக்குப் போதாது.

ஓதச் சுவரிலும் கட்டடத் தூசியிலும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை சர்வசாதாரணம். அதன் வித்து 2 முதல் 3 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), நுரையீரலின் அடி ஆழம் வரை போய்விடும். நாம் எல்லோரும் தினமும் இதை மூச்சில் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். வெள்ளையணுக்கள் பார்த்துக்கொள்வதால் ஒன்றும் ஆவதில்லை. கீமோ முடிந்த சில நாட்களில் அந்த அணுக்கள்தான் இல்லாமல் போகின்றன. அவற்றில் நியூட்ரோபில் என்ற வகை, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சாதாரணமாக 1,500-க்கு மேல் இருக்க வேண்டும், அது 500-க்கும் கீழே போய்விடும். "கவுன்ட் இறங்கிடுச்சு" என்று பெற்றோர் பயந்து சொல்வது இதைத்தான். அப்போது உள்ளே போன பூஞ்சை நுரையீரலில் வேரூன்றி, ரத்தக் குழாய்களைத் துளைத்து, மூளை வரைக்கும் போகக்கூடும்.

ஆரம்பத்தில் பல நேரம் காய்ச்சலைத் தவிர வேறு அறிகுறி இருக்காது. நான்கு நாள் ஆன்டிபயாடிக் ஏற்றியும் காய்ச்சல் விடாவிட்டால் டாக்டர்கள் பூஞ்சையைச் சந்தேகிக்கிறார்கள். ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் ஆஸ்பெர்ஜில்லஸ் அகப்படுவது அபூர்வம். அதனால் சி.டி. ஸ்கேன், ரத்தத்தில் பூஞ்சையின் தடயத்தைப் பார்க்கும் கேலக்டோமன்னன் பரிசோதனை என்று தேடிக்கொண்டே, முடிவு வரும் முன்பே மருந்தைத் தொடங்குவதும் உண்டு. லிபோசோமல் ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்து நினைவிருக்கிறதா? 2021-இல் கருப்புப் பூஞ்சை பரவியபோது நாடு முழுக்கத் தட்டுப்பாடானதே, அதே ஊசி. ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 3 முதல் 5 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு 50 மில்லிகிராம் குப்பி தினமும் ஒன்றோ இரண்டோ வேண்டும், அதுவும் வாரக்கணக்கில். ஒரு குப்பியே சில ஆயிரம் ரூபாய். பழைய வகை ஆம்ஃபோடெரிசின் மலிவுதான், ஆனால் சிறுநீரகத்தை அதிகம் பதம்பார்க்கும். பணத்தை விடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. பூஞ்சைக்கு வைத்தியம் நடக்கும்போது பெரும்பாலும் கீமோவைத் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது. புற்றுநோய் அதுவரை காத்திருக்காது.

சரி, வேலைக்கு வருவோம். கூரையில் பழைய தளத்தைக் கொத்தி எடுத்து, வாட்டர் ப்ரூஃபிங் செய்து, புதிதாகத் தட்டோடு பதிக்க வேண்டும். இரண்டு அறைகளிலும் காரையை உதிர்த்துப் பூச வேண்டும். மேஸ்திரி 3,80,000 ரூபாய் கேட்டிருக்கிறார். ஆனால் காரையை இடிக்கும்போதுதான் வித்துகள் அதிகமாகப் பறக்கும், அதனால் வேலை நடக்கும் ஒரு மாதமும் வீட்டில் ஒரு குழந்தையும் இருக்கக் கூடாது. ஐந்து குடும்பங்களுக்கு வெளியே அறை எடுக்க 1,50,000 ஆகும். "ஒரு ஓரமாக இருந்துகொள்ளட்டுமே" என்று குழுவிலேயே ஒரு யோசனை வந்தது. அதை நாங்கள் ஏற்கவில்லை. மருந்து வாங்க முதல் சில நாட்களுக்குக் கைகொடுக்கும் சுழல் நிதியாக 2,00,000 வைக்க நினைக்கிறோம். காப்பீட்டுப் பணமோ ஊரிலிருந்து உதவியோ வந்ததும் முடிந்தவர்கள் திருப்பிக் கட்டுவார்கள், முடியாதவர்களைக் கேட்கமாட்டோம்.

மொத்தம் 7,30,000. இதுவரை 1,90,000 சேர்ந்திருக்கிறது. நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு. 80ஜி வரிவிலக்கு எங்களுக்கு இன்னும் இல்லை, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். சிமென்ட், தட்டோடு, மணல் என்று பொருளாகவும் தரலாம். பழைய மெத்தை, பழைய ஏசி, தொட்டிச் செடி, பூங்கொத்து மட்டும் தயவுசெய்து வேண்டாம். மனசு புரிகிறது, ஆனால் அவற்றிலும் பூஞ்சை ஒட்டிக்கொண்டு வரும்.

புரட்டாசி பிறக்கும் முன் பாதித் தொகையாவது கையில் இருந்தால் மேஸ்திரி வேலையைத் தொடங்கிவிடுவார். பணம் கட்ட விரும்புகிறவர்கள் பொருளாளரிடம் வங்கி விவரம் கேட்டுப் பெறலாம். வரவு செலவுக் கணக்கு மாதம் முதல் ஞாயிறு அன்று வீட்டு வாசல் பலகையில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
தங்கும் வீட்டுப் பராமரிப்புக் குழு,
சூளை, சென்னை