சென்னை-81

அன்பு மகள் கவிதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கு நான், அம்மா, ஆயா மூவரும் நலம். நீ அறை மாறி ஒரு மாதம் ஆகிறது. புது முகவரி இன்னும் வந்து சேரவில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் ஊரார் வீட்டுக்கெல்லாம் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவனுக்குத் தன் மகளின் கதவு எண் தெரியவில்லை. ஆகவே உன் அலுவலகத்துக்கு எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் கண்விழிக்காதே.

இன்ஸ்டாகிராமில் உன்னை 8,000 பேர் பின்தொடர்கிறார்கள் என்று தம்பி காட்டினான். பெருமையாகத்தான் இருந்தது. சென்ற ஆண்டு உனக்குக் காய்ச்சல் வந்தபோது அதன் வழியே பழக்கமான பெண்கள்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள் என்றாய். முகம் தெரியாதவர்களை நம்பாதே என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த என் வாய் அன்று அடைத்துப்போயிற்று. ஆனாலும் சொல்கிறேன், எங்கே இருக்கிறாய் என்பதை உடனுக்குடன் போடாதே. அதையே கதியென்றும் இராதே. எதிர்வீட்டுப் பையன் டிக்டாக்கில் கானா பாடிப் பெயரெடுத்தான். 2020 ஜூன் 29 அன்று அரசு தடைசெய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்றாகிப் போகவே, அவன் சேர்த்த கூட்டம் ஒரே இரவில் கலைந்தது. அண்ணன் விழுந்து விழுந்து எழுதிய ஆர்க்குட்டையும் 2014 செப்டம்பரோடு மூடிவிட்டார்கள். நம் தெரு அப்படிப் போய்விடாது. மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது அதுவன்று. நெத்திலி வறுவல் படம் ஒன்று போட்டிருக்கிறாய், பொங்கலுக்கு வந்தபோது எடுத்தது. வாணலியின் ஓரத்தில் ஆயாவின் கை, பச்சை குத்திய தேளோடு; முகம் இல்லை. கீழே "தோழியின் பாட்டி சமைத்தது" என்று எழுதியிருக்கிறாய். உன் ஊர் கீழ்ப்பாக்கம் என்றும் இருந்தது. ஆயாவிடம் காட்டினேன். "என் கைதானே இது?" என்று நாள் முழுதும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதது நல்லதாயிற்று என்று என் வாழ்நாளில் முதன்முறையாக நினைத்தேன்.

உன்னைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கீழ்ப்பாக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, படிவத்தில் தண்டையார்பேட்டை என்று பார்த்ததும் அங்கிருந்த எழுத்தர் அதைக் கட்டின் அடியில் செருகினார். மறுவாரம் வேறொரு படிவம் வாங்கிப் பெரியப்பா வீட்டு முகவரியை எழுதினேன். ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால் கடிதம் வழிமாறிப் போகக் கூடாது என்றுதான் 1972-இல் பின்கோடு கொண்டுவந்தார்கள். அதைத் தேடித் தேடியே பழகிய கை, 600081 என்று எழுத வேண்டிய கட்டங்களில் 600010 என்று நிரப்பியது. அன்றிரவு தண்ணீர்க் குடங்களுக்குப் பக்கத்தில் உன்னை நிறுத்தி, யார் கேட்டாலும் கீழ்ப்பாக்கம் என்றே சொல்ல வேண்டுமென்று பத்து முறை சொல்லவைத்தேன். "அப்போ இது யார் வீடுப்பா?" என்று கேட்டாய். நான் விளக்கை அணைத்தேன். பள்ளி முடியும்வரை ஒரு தோழியைக்கூட நீ வீட்டுக்கு அழைத்து வந்ததில்லை. பிள்ளைக்குக் கூச்ச சுபாவம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 15 அன்று தடைக்காலம் தொடங்கினால் 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகா என்பதால், காசிமேட்டில் முன்கூட்டியே நெத்திலி வாங்கி ஆயா மாடியில் காயவைத்திருக்கிறார். உன் பங்கைத் தனியே கட்டிவைத்தாயிற்று. வாடைக்கு வீட்டுக்காரர் ஏதாவது சொல்வாரென்றால் மறைக்காமல் எழுது, ஊறுகாய் மட்டும் அனுப்புகிறோம். இல்லையென்றால் கதவு எண்ணும் பின்கோடும் சேர்த்து முகவரியை எழுதி அனுப்பு. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா