மதிப்பெண் போடாத நோட்டுகளுக்காக ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், பெற்றோருக்கும், உடன் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

இந்தப் பருவம் என் கணக்கு வகுப்பில் நடந்த செயல் ஆராய்ச்சி (ஆசிரியரே தன் வகுப்பில் ஒன்றை மாற்றிப் பார்த்து, நடப்பதைக் கவனித்து, மறுபடி மாற்றி, சுற்றுச் சுற்றாகச் செய்யும் ஆராய்ச்சி) முடிந்து, அறிக்கையையும் கொடுத்தாயிற்று. அட்டையில் என் பெயர் மட்டும் இருக்கிறது. நன்றியுரைக்கு அரைப் பக்கம்தான் இடம். எனக்குப் போதவில்லை.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி சின்னது. திருத்திய நோட்டு கைக்கு வந்ததும் பிள்ளைகள் முதலில் பார்ப்பது மதிப்பெண்ணை. அப்புறம் பக்கத்தில் இருப்பவரின் மதிப்பெண்ணை. நான் மெனக்கெட்டு எழுதிய குறிப்பை யார் படிக்கிறார்கள்? மதிப்பெண்ணே போடாமல் குறிப்பு மட்டும் எழுதினால் படித்துத் திருத்துவார்களா? கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தொடுகிறது. குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த வேலையை மேலும் நன்றாகச் செய்தார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்ந்து வந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. சரி, அது வேறு பிள்ளைகள். என் வகுப்பில் என்ன ஆகும் என்பதை என் வகுப்பில்தான் பார்க்க முடியும்.

தலைமை ஆசிரியர் ஐயாவுக்கு முதல் நன்றி. அனுமதி கேட்டுப் போனபோது நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "இது பலிக்கவில்லை என்றால் பிள்ளைகளுக்கு என்ன நஷ்டம்?" அதற்குப் பதில் எழுதப் போய்த்தான் திட்டமே உருப்பட்டது. பருவத் தேர்வுக்கு வழக்கம்போல் மதிப்பெண், வார நோட்டுக்கு மட்டும் குறிப்பு, தொல்லை என்று தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுவது என்று மூன்றும் அப்போது எழுதியவை.

பெற்றோருக்கு. "மார்க் இல்லாமல் பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நோட்டைத் திறந்து, பிள்ளை திருத்தியதைப் பாருங்கள் என்றேன். பலர் உண்மையிலேயே பார்த்தீர்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்த அந்த அம்மாவுக்கும் நன்றி. உங்கள் பிள்ளைக்கு வழக்கம்போல் மதிப்பெண் போட்டேன், அந்த நோட்டு ஆய்வில் சேரவில்லை. வேண்டாம் என்று சொல்ல இடம் இருந்தால்தானே அது ஒப்புதல் படிவம்.

இனி அறிவியல் டீச்சருக்கு. உங்கள் ஓய்வு பீரியட்களை என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே கழித்தீர்கள். இங்கிலாந்தில் 1973 முதல் 1975 வரை கல்வி ஆய்வாளர் ஜான் எலியட்டும் மற்றவர்களும் ஆசிரியர்களோடு சேர்ந்து நடத்திய ஆய்வில், ஒரே வகுப்பைப் பற்றி ஆசிரியர், மாணவர், வெளியாள் மூன்று பேர் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நான் அதையே பின்பற்றினேன். ஆனால் அந்த வெளியாள் எப்படிப்பட்டவர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'ஆர்வமாக இருந்தார்கள்' என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. எழுதியது இப்படி: "10.20 – நோட்டு கைக்கு வந்தது. 10.21 – மூன்றாம் வரிசைப் பையன் பக்கம் புரட்டி மதிப்பெண் தேடுகிறான். 10.22 – நோட்டை மூடி உள்ளே வைத்துவிட்டான்." கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கிறவளுக்கு இது எப்படித் தெரியும்?

பிள்ளைகளிடம் பேசியதும் நீங்கள்தான். மதிப்பெண் போடுகிற கை கேட்டால் அவர்கள் எனக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள். உங்களிடம் ஒரு பெண் சொன்னாள்: "டீச்சர் எழுதினதப் படிச்சேன். ஆனா திருத்துறதுக்கு நேரம் எங்க குடுத்தாங்க?" இரண்டாம் சுற்று முழுக்க இந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. நோட்டு கொடுத்த உடனே பத்து நிமிடம், வேறு எந்தப் பாடமும் கிடையாது, திருத்துவது மட்டும்.

பிள்ளைகளே, உங்களுக்கு என்ன சொல்ல? குறிப்பு எழுதவே எனக்குக் கற்றுக்கொடுத்தது உங்கள் நோட்டுகள். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 2/5 என்று எழுதியிருந்தவர்களுக்கு, முதல் சுற்றில் 'பகுதிகளைச் சமமாக்கவும்' என்று எழுதினேன். அதைப் பார்த்து அப்படியே செய்தவர்கள் அடுத்த வாரம் மறுபடி தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டினார்கள். இரண்டாம் சுற்றில் எழுதியது வேறு: '1/2-ஓடு இன்னொன்றைக் கூட்டியிருக்கிறாய். விடை 1/2-ஐவிடச் சின்னதாக வந்திருக்கிறதே, அது நடக்குமா?' ஒருவர் அதன் கீழே பென்சிலால் 'நடக்காது!' என்று எழுதி, இரண்டு பட்டைகள் வரைந்து, 5/6 வரை தானே போயிருந்தார். அந்தப் பக்கத்தை அவர் அனுமதியோடு பெயரை மறைத்து அறிக்கையில் வைத்திருக்கிறேன். முழு அறிக்கையில் எனக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். எப்போதும் முழு மதிப்பெண் வாங்குகிறவர்கள் கடைசி வாரம் வரை "மார்க் எப்போ போடுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். உங்களுக்கு என்ன குறிப்பு எழுதுவது என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அறிக்கையிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

வழிகாட்டிய பேராசிரியைக்கு நன்றி. வரைவில் 'நிரூபித்தது' என்று இருந்த இடங்களையெல்லாம் சுழித்து, 'என் வகுப்பில் கண்டது' என்று மாற்றச் சொன்னீர்கள். ஆசிரியர் அறையில் ஒரு சார், "ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வகுப்பு இல்லை, இது என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டபோது எனக்குக் கைகொடுத்ததும் நீங்கள் படிக்கத் தந்தவைதான். உளவியலாளர் கர்ட் லெவின் 1946-லேயே திட்டம், செயல், விளைவைப் பார்ப்பது, மறுபடி திட்டம் என்று சுற்றுச் சுற்றாகப் போகும் முறையைப் பற்றி எழுதிவிட்டார். அமெரிக்கக் கல்வியாளர் ஸ்டீபன் கோரி 1953-இல் அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். ஆசிரியரின் வேலையை ஆசிரியரே ஆராய வேண்டும் என்று இங்கிலாந்துக் கல்வியாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் வாதாடியது 1975-இல். ஆனாலும் அந்த சார் கேட்டது சரிதான். எல்லா வகுப்புக்கும் இது பொருந்தும் என்று நான் எங்கும் எழுதவில்லை. அவர் கேட்டதால் அந்த வரம்பை முன்னுரையிலேயே போட்டேன். அவருக்கும் நன்றி.

நோட்டுகளின் நகல்களும் பேட்டிக் குறிப்புகளும் பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. படிவத்தில் சொன்னபடி, ஆண்டு முடிந்ததும் கிழித்துவிடுவேன். தங்கள் பிள்ளையின் பக்கங்களை அதற்குமுன் பார்க்க விரும்பும் பெற்றோர் வரலாம். அறிவியல் டீச்சர், செய்முறை வகுப்பில் யார் கருவியைத் தொடுகிறார்கள், யார் எழுதிக்கொண்டு மட்டும் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றீர்களே, அடுத்த பருவம் என் ஓய்வு பீரியட்கள் உங்களுக்கு. நிமிடம் போட்டு எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் கணக்கு டீச்சர்