பாதி ஏத்தத்துல நின்ன ரோலர் கோஸ்டர் பத்தி புகார்

கஸ்டமர் கேர் மேனேஜர் சாருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை அக்கா குடும்பத்தோட உங்க பார்க்குக்கு வந்திருந்தோம், டிக்கெட், பில் எல்லாம் இந்த மெயிலோடவே வெச்சிருக்கேன். மதியம் உங்க பெரிய ரோலர் கோஸ்டர் ஏத்தத்துல பாதியிலயே நின்னுபோச்சு, அதுல நானும் அக்கா பையனும் இருந்தோம். நின்னதுக்காக நான் புகார் பண்ணலை சார். நான் ரொம்ப வருஷமா லிஃப்ட் சர்வீஸ் லைன்ல இருக்கேன், சந்தேகம் வந்தா நிக்கற மெஷின்தான் நல்ல மெஷின். டிராக்க பிளாக் பிளாக்கா, அதாவது பகுதி பகுதியா பிரிச்சிருப்பாங்க, முன்னாடி போன வண்டி அதோட பிளாக்கை தாண்டலன்னா பின்னாடி வர்றத சிஸ்டம் தானாவே நிறுத்திடும், அது தெரியும். நின்னதுக்கப்புறம் நீங்க ஒண்ணுமே பண்ணல பாருங்க, அதுதான் பிரச்சனை.

வெயில் மண்டைய பொளக்குது, மடி மேல லாக் பார் தொட்டா சுடுது, மல்லாந்து வானத்த பாத்துட்டு கால் மணி நேரத்துக்கு மேல உக்காந்திருக்கோம், ஒரு அறிவிப்பு கிடையாது, ஸ்பீக்கர்ல குத்துப்பாட்டு மட்டும் விடாம ஓடுது. "மாமா, பின்னாடி உருண்டுருமா?"ன்னு பையன் கேக்கறான், அவனுக்கு குரலே எழும்பல. ஏறும்போது டக் டக்னு சத்தம் வந்துச்சுல்ல, அது ஒவ்வொரு பல்லா தாண்டி கொக்கி விழற சத்தம்டா, செயினே அறுந்தாலும் அந்த கொக்கி வண்டிய பிடிச்சுக்கும், வீலும் தண்டவாளத்துக்கு மேல, சைடுல, அடியிலன்னு மூணு பக்கமும் கவ்விட்டிருக்கும்னு சொன்னேன். பின் சீட்டு அம்மா "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க தம்பி"ங்கறாங்க. உங்க ஆபரேட்டர் மைக்ல சொல்ல வேண்டியத, காசு குடுத்து வந்த நான் தொண்டை கிழிய கத்திட்டிருந்தேன். எங்க லைன்ல லிஃப்ட் மாட்டிக்கிச்சுன்னா ஸ்பானர தொடறதுக்கு முன்னாடி இன்டர்காம்ல பேசணும், "ஆள் வந்துட்டிருக்கு, கதவ நெம்பாதீங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னாலே உள்ள இருக்கறவங்க பதட்டத்துல ஏடாகூடமா எதுவும் பண்ண மாட்டாங்க.

கடைசியா உங்க ஆள் ஒருத்தர் சைடு படிக்கட்டுல பாதி வரைக்கும் ஏறி வந்து எங்கள ஒரு பார்வை பாத்துட்டு வாக்கி டாக்கில ஏதோ சொல்லிட்டு எறங்கி போயிட்டார். ஒரு லாக் பாரையாவது இழுத்து பாத்தாரா? கொஞ்ச நேரத்துல ஒரே குலுக்கு, வண்டி கிளம்பிடுச்சு. பின் சீட்டு அம்மா அப்பதான் கீழ நிக்கற வீட்டுக்காரர்கிட்ட போன்ல பேசிட்டிருந்தாங்க, முதல் இறக்கத்துலயே போன் கையைவிட்டு பறந்துடுச்சு. கீழ யார் தலையிலயாவது விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?

கவுண்டர்ல கேட்டா "உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல"ங்கற போர்ட காட்டறாங்க. ஆனா வெளிய வர்ற வழியில உங்க போட்டோ ஸ்டால் ஸ்க்ரீன்ல அந்த இறக்கத்துல எடுத்த படம் ஓடுது, அதுல அந்த அம்மா கை விரிஞ்சிருக்கு, தலைக்கு மேல போன் அந்தரத்துல நிக்குது, பக்கத்துல என் மூஞ்சி வேற கண்றாவியா இருக்கு. உங்களுக்கு எதிரான ஆதாரத்த உங்ககிட்டயே 200 ரூபா குடுத்து வாங்கினேன், அதையும் இதோட அனுப்பியிருக்கேன், பாருங்க.

2015ல இங்கிலாந்துல ஆல்டன் டவர்ஸ் பார்க்குல ஸ்மைலர்ங்கற ரோலர் கோஸ்டர்ல நடந்தது உங்க டெக்னிக்கல் டீமுக்கு தெரிஞ்சிருக்கணும். டிராக்ல ஒரு காலி வண்டி நிக்கறத கவனிக்காம, சிஸ்டம்தான் தப்பா நிறுத்தியிருக்குன்னு நினைச்சு அத மீறி ஓவர்ரைடு பண்ணி வண்டிய விட்டாங்க, 16 பேர் இருந்த வண்டி போய் அதுல மோதி ரெண்டு பொண்ணுங்களுக்கு ஆளுக்கு ஒரு கால் போச்சு, அடுத்த வருஷம் கோர்ட்ல 50 லட்சம் பவுண்டு அபராதம் போட்டாங்க. அங்கயும் மெஷின் ஒழுங்காத்தான் நிறுத்தியிருக்கு.

அதனாலதான் கேக்கறேன், அன்னைக்கு எங்க வண்டி ஏன் நின்னுச்சு, திரும்ப ஸ்டார்ட் பண்ண சொன்னது யாரு, அதுக்கு முன்னாடி எதெல்லாம் செக் பண்ணீங்க? லாக் புக்ல எழுதியிருந்தா அந்த பக்கத்தோட காப்பி அனுப்புங்க. அந்த அம்மாவோட போனுக்கு நீங்கதான் காசு தரணும், அவங்க தனியா மெயில் போடறாங்க. எனக்கு ரீஃபண்டு வேண்டாம், உண்மைய சொன்னா ரைடு சூப்பர், பையன் அடுத்த லீவுக்கும் கேட்டிருக்கான். ரெண்டு வாரம் பாப்பேன், "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு தானா வர்ற ரிப்ளைய பதிலா எடுத்துக்க மாட்டேன், அப்புறம் 1915ங்கற கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் நம்பர்ல பதிவு பண்ணிடுவேன்.