இரண்டாவது சீட்டு

குளித்தலை
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா,

புத்தகம் வந்து சேர்ந்தது. முதல் பக்கத்தில் 'அப்பாவுக்கு' என்று எழுதியிருக்கிறாய், அவ்வளவுதான். கூட ஒரு கடிதமாவது இருக்கும் என்று அம்மா கவரை இரண்டு தடவை உதறிப் பார்த்தாள்.

மூன்றே நாளில் படித்துவிட்டேன். சிரித்துப் புரையேறி, அம்மா ஓடிவந்து தலையில் தட்டினாள். காசு வாங்கிக்கொண்டு கிரகம் கிரகமாகப் போய், ஓடிப்போனவர்களைப் பிடித்து வருகிற பெண். போன இடத்திலெல்லாம் காபி சரியில்லை என்று சண்டை வேறு. கதவைத் தட்டும் முன் இரண்டு முறை கனைக்கிறாள், விண்வெளி உடையில் சைக்கிள் கிளிப் மாட்டியிருக்கிறாள், கையில் குடை. எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர் வாங்கிப் படித்துவிட்டு, "உம்மைத்தானய்யா எழுதியிருக்கிறாள்" என்றார். நான் மறுக்கவில்லை. அவருடைய பையன் இன்ஜினியர்தான், ஒரு லீவு லெட்டர் எழுதத் தெரியாது.

நீ அவளைப் 'பரிசு வேட்டைக்காரி' என்கிறாய். 26 வருஷம் வாரண்டும் டைரியுமாக முசிறிப் பாலத்தில் சைக்கிள் மிதித்தவன் சொல்கிறேன், நம் ஊர் கோர்ட்டில் அந்த வேலைக்கு அமீனா என்று பெயர். சுடத்தான் மாட்டோம். அமெரிக்காவில் இது நிஜமாகவே ஒரு தொழிலாமே, தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். ஜாமீன் எடுத்தவன் தப்பி ஓடினால், ஜாமீன் கொடுத்தவர் அவனை வேறு மாநிலத்துக்கும் துரத்திப் போகலாம், தேவைப்பட்டால் வீட்டை உடைத்தும் பிடிக்கலாம் என்று 1872லேயே அவர்கள் உச்ச நீதிமன்றம் எழுதியிருக்கிறதாம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1908ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டப்படி, ஜப்தி செய்ய வீட்டுக்குள் போவதென்றால் சூரியன் அஸ்தமித்த பிறகு நுழையக் கூடாது, மறுநாள் உதயம் வரை காத்திருக்க வேண்டும்.

இங்கேதான் நீ கோட்டைவிட்டாய். வெள்ளிக் கிரகத்தில் நடுராத்திரி மாளிகைக்குள் நுழைகிறாள். அங்கே ஒரு உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் நடுவே நம் கணக்கில் 117 நாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் இரவு மட்டும் 58 நாள். அத்தனை நாளும் அவள் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும், பேட்டா யார் கட்டுவது? மாறாக, பூமியைச் சுற்றுகிற விண்வெளி நிலையத்தில் ஒரு நாளைக்கு 16 தடவை உதயம். பீரோவை நகர்த்தி வாசலுக்குக் கொண்டுவருவதற்குள் இருட்டிவிடும். எவ்வளவு நல்ல வேடிக்கை, வைக்காமல் விட்டுவிட்டாயே. அடுத்த பாகத்தில் வை.

நிலாவில் ரோபோ தமுக்கடிப்பது மட்டும் பிரமாதம். காற்றில்லாததால் ஒருவருக்கும் கேட்கவில்லை, ஏலத்துக்கு ஆளே வரவில்லை. எங்களுக்குக் காற்று இருந்தும் அப்படித்தான் நடந்தது. புளியமரத்தடியில் தமுக்கடித்ததாக டைரியில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம்.

ஒரு சந்தேகம். கப்பலில் இரண்டு சீட்டு. முதல் அத்தியாயத்திலிருந்தே இரண்டாவது சீட்டில் துணி மூட்டை. யாரை ஏற்றினாலும் பின்னால் சரக்கு அறையில் உட்காரச் சொல்கிறாள். கடைசி வரைக்கும் அந்தச் சீட்டு யாருடையது என்று சொல்லவில்லை. மறந்துபோனாயா, வேண்டுமென்றே விட்டாயா?

கப்பலை எந்த நாட்டில் பதிவு செய்திருக்கிறாள் என்றும் இல்லை. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி, நிலாவையும் மற்ற கிரகங்களையும் எந்த நாடும் தனதென்று பட்டா போட்டுக்கொள்ள முடியாது, ஆனால் கப்பலும் உள்ளே இருப்பவர்களும் பதிவு செய்த நாட்டின் அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அதனால் பதிவு முக்கியம். இன்னொருவர் பெயரும் சேர்ந்திருக்கிறதா? கூட்டுப் பெயரில் இருந்து, அதன்மேல் கடனும் இருந்தால், பிறகு பிரிப்பது பெரும் பாடு. பொதுவாகச் சொல்கிறேன்.

சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்ற செய்தி அப்புறம்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் கதாநாயகி நின்றுகொண்டே பொட்டலத்தைப் பிரித்துத் தின்கிறாள், எனக்குப் பிடிக்கவில்லை. போன் செய்தால் "எல்லாம் சரியாத்தான் இருக்குப்பா" என்கிறாய். முன்பெல்லாம் பின்னால் டிவியில் கிரிக்கெட் ஓடும், மாப்பிள்ளை கத்துவது இங்கே வரைக்கும் கேட்கும். இப்போது ஒரு சத்தமும் இல்லை. கிரிக்கெட் சீசன் முடிந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்பவில்லை. ராத்திரியில் ஒரு பிடி சோறாவது உட்கார்ந்து சாப்பிடு.

சரி, பதினோராம் அத்தியாயத்துக்கு வருகிறேன். வராமல் முடிக்கத்தான் பார்த்தேன்.

தையல்காரிக்கு மூன்று கை வைத்துவிட்டால் எனக்கு அடையாளம் தெரியாதா? நீ அப்போது நான்காவது படித்தாய். பள்ளிக்கூடம் விட்டு உன்னைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு அப்படியே அந்த வீட்டுக்குப் போனேன். தொழில் செய்கிறவர்களின் கருவியை, சமைக்கிற பாத்திரத்தை, படுக்கையை ஜப்தி செய்யக் கூடாது என்பது எனக்கு அந்த வயதில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும், 60ஆவது பிரிவு. தெரிந்துதான் மெஷினைத் தூக்கி வண்டியில் வைக்கச் சொன்னேன். உன் கதாநாயகி ராத்திரியோடு ராத்திரியாக அதைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு, 'பொருள் கிடைக்கவில்லை' என்று கோர்ட்டுக்கு ரிட்டர்ன் எழுதிவிடுகிறாள்.

அன்றைக்கு நீ சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய் என்று, "திருப்பிக் கொடுத்துட்டேன், எழுந்திரு" என்றேன். கொடுக்கவில்லை, பாப்பா. ஏலத்தில் போய்விட்டது. அவள்மேல் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கின ஆள் என் கையில் 200 ரூபாய் வைத்தார். அந்தத் தீபாவளிக்கு உனக்குப் பச்சைப் பாவாடை எடுத்தது அதில்தான். பக்கத்துத் தெருவை விட்டு எதற்குக் கரூருக்குப் போய்த் தைக்கக் கொடுக்கிறோம் என்று நீ கேட்டாய். மழை வரப்போகிறது, சீக்கிரம் நட என்று சொன்னேன்.

நான் சொன்னதை நம்பித்தான் இந்த அத்தியாயத்தை எழுதினாயா, இல்லை தெரிந்தே எனக்காக மாற்றி எழுதினாயா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

ஆவணியில் நீ இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினபோதும், உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் ரிட்டர்ன் டிக்கெட் என்றைக்கு என்று கேட்டேன். கேட்டதும் உன் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு பேப்பரைப் பிரித்துக்கொண்டேன். நாலாம் நாள் கிளம்பிவிட்டாய்.

மாடி அறையிலிருந்த நெல் மூட்டைகளை இறக்கச் சொல்லிவிட்டேன். ஃபேன்தான் கடகடவென்று சத்தம் போடுகிறது, புதன்கிழமை ஆள் வருகிறான். எத்தனை பெட்டி என்று முன்னாலேயே சொன்னால் ஸ்டேஷனுக்கு அதற்குத் தகுந்த வண்டியாகக் கொண்டுவருவேன். ராத்திரி ரயிலாக இருந்தாலும் பரவாயில்லை. அஸ்தமனச் சட்டமெல்லாம் அமீனாவுக்குத்தான்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: 212ஆம் பக்கத்தில் 'ஜப்தி' என்பது 'ஐப்தி' என்று அச்சாகியிருக்கிறது. இரண்டு இடத்தில். அடுத்த பதிப்பிலாவது திருத்தச் சொல்.