துப்பாக்கிக் குழலைத் தேய்க்காதீர்கள்: பழம்பொருள் ஏலம் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன வருடம் உங்களைப் போன்ற ஓர் ஏல நிறுவனத்திடம் பழைய சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கி ஒன்றை, அதாவது சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடுவதை, வாங்கினேன். பட்டியலில் 'லண்டன், 1780 வாக்கில்' என்று போட்டிருந்தது. சுடும் விசையைப் பொருத்திய பக்கவாட்டு உலோகத் தகட்டில், அதாவது விசைத் தகட்டில், லண்டன் என்று பொறித்திருந்தது, அதை நம்பி எழுதிவிட்டார்கள். குழலோ கண்ணாடி மாதிரி மின்னியது. விற்பதற்கு முன் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெருகேற்றியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் குழலைக் கட்டையிலிருந்து மெதுவாகக் கழற்றினேன். உப்புத்தாள் எட்டாத அடிப்பக்கத்தில் பழைய கரும்பழுப்பு அப்படியே இருந்தது. அதற்கு நடுவே, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு முட்டை வடிவ முத்திரை. உள்ளே இ.எல்.ஜி. என்ற எழுத்துகள். அளவுக்கு மீறி வெடிமருந்து திணித்துச் சுட்டு, குழல் தாங்குகிறதா என்று பார்த்த பிறகு குத்துகிற சோதனை முத்திரை அது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் 1810 முதல் புழங்கியது. 1893இல் அதன் தலையில் ஒரு கிரீடம் சேர்ந்தது. என்னுடையதில் கிரீடம் இல்லை, அதனால் அது இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது. ஆக, பட்டியல் சொன்ன ஊரும் தப்பு, ஆண்டும் தப்பு. லியேஜ் பட்டறைகள் லண்டன் பெயரைப் பொறித்து விற்றது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

விற்றவர்களிடம் கேட்டேன். "மின்னினால்தான் சார் விலை போகும்" என்றார்கள். உண்மை நேர்மாறானது. விஷயம் தெரிந்தவர் அந்தப் பழுப்புக்குத்தான் பணம் கொடுப்பார். தேய்த்த குழலைக் கையில் எடுத்ததுமே பாதி விலைக்குக் கேட்பார்.

அமெரிக்க நிறுவனமான கோல்ட் செய்த துப்பாக்கி என்றால் தொடர் எண்ணைக் கொடுத்து அந்த நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் விசாரிக்கலாம். பதிவேடு மிஞ்சியிருந்தால், என்று அனுப்பினார்கள், யாருக்கு அனுப்பினார்கள் என்று கடிதமே தருவார்கள். சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. குழலிலும் விசைத் தகட்டிலும் இருப்பதுதான் அதன் பதிவேடு. அதைத்தான் அழிக்கிறீர்கள்.

விசைத் தகட்டின் உள்பக்கத்தையும் படம் எடுங்கள். சக்கிமுக்கியைக் கழற்றிவிட்டுத் தொப்பி வெடிக்கு, அதாவது அடித்தால் வெடிக்கும் சின்ன உலோகத் தொப்பிக்கு, மாற்றிய துப்பாக்கிகள் ஏராளம். பழைய திருகுத் துளைகளை அடைத்த தடம் உள்பக்கத்தில்தான் நன்றாகத் தெரியும். சிலர் அதைத் திரும்பவும் சக்கிமுக்கியாக்கி அசல் விலைக்கு விற்கிறார்கள். அந்த ஒரு படம் இருந்தால் வாங்குபவர் ஏமாற மாட்டார்.

அப்புறம், துப்பாக்கியோடு வந்த ரசீது, கடிதம், பெட்டி எதையும் பிரித்துத் தனியாக ஏலம் விடாதீர்கள். பிரிந்தவை திரும்பச் சேர்வது அபூர்வம்.

அடுத்த பட்டியலில் குழலின் அடிப்பக்கப் படத்தை எதிர்பார்க்கிறேன். கழற்றத் தெரிந்தவர் உங்களிடம் இல்லையென்றால் அப்படியே விடுங்கள், வாங்குபவர் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
பழைய துப்பாக்கிகளின் வரலாறு தேடும் ஒருவன்