அகழிக்கு முதலில் ஒரு குப்பைப் படகு

வேலூர்க் கோட்டை அகழியைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எனக்கு ஆம்பூரில் தோல் கம்பெனி வேலை, வீடு வேலூரில். ஏற்றுமதி விஷயமாக இத்தாலி போனபோது ஒருநாள் ஓய்வு கிடைத்தது, வெனிஸுக்கு ரயில் ஏறினேன். அங்கே கோண்டோலா என்ற துடுப்புப் படகில் ஏறாமல் வந்ததற்கு வீட்டில் இன்னும் கேலி. என்ன செய்ய, சவாரிக்குக் கேட்ட காசு அப்படி! ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலையெல்லாம் பெரிய கால்வாயை வேடிக்கை பார்த்தேன்.

நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கால்வாய். ஊருக்குள் வண்டி ஓடாது என்பதால், நம் அண்ணா சாலையில் போவதெல்லாம் அங்கே தண்ணீரில் போகிறது. காய்கறிப் பெட்டி, ஓட்டல் துணி மூட்டை, சிமெண்ட், ஒரு வாஷிங் மெஷின்கூட. வபோரெட்டோ என்ற படகு டவுன் பஸ் மாதிரி துறைக்குத் துறை நின்று ஆள் ஏற்றுகிறது.

எனக்குப் பிடித்தது குப்பைப் படகுதான். தள்ளுவண்டியைக் கரைக்கு உருட்டி வந்தார்கள். படகிலிருந்த கிரேன் அதை அப்படியே தூக்கியது, வண்டியின் அடிப்பக்கம் திறந்தது, குப்பை உள்ளே விழுந்தது. காலி வண்டி மறுபடி கரையில்.

அப்புறம் நம் அகழி. ஊர் திரும்பிய ஞாயிறு பார்த்தேன். மதில் நிழல் தண்ணீரில் அசைகிறது, அழகுக்குக் குறைவே இல்லை. அந்த நிழலுக்கு நடுவே தண்ணீர் பாட்டில்கள். என் கண்ணெதிரே ஒருவர் வாடிய சாமி மாலையைப் பிளாஸ்டிக் பையோடு வீசிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அகழியில் படகு சவாரி வேண்டும் என்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் முதலில் விடவேண்டியது குப்பை அள்ளும் படகு. வெனிஸில் கடல் ஏறி இறங்கித் தண்ணீரை மாற்றிவிடுகிறது. நம்முடையது நின்ற நீர், விழுந்தது விழுந்த இடத்திலேயே ஊறும். அந்த நீர்தான் 2021 மழையில் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் வந்து நின்றது. ஒரு பரிசல், இரண்டு ஆட்கள், நீளக் கழியில் ஒரு வலை. விடிந்ததும் ஒரு சுற்று வந்தால் போதும்.

பிறகு சவாரி விடுங்கள், சரி. மோட்டார் மட்டும் வேண்டாம். மோட்டார் படகு கிளப்பும் அலை அங்கே மாளிகைகளின் அடித்தளத்தை அரிக்கிறது, வேகக் கட்டுப்பாடு வைத்தும் பிரச்சினை தீரவில்லை. நமக்குத் துடுப்பும் மிதிபடகும் போதாதா?

அப்படியே, நிழலான இடமாகப் பார்த்துக் கரையில் இரண்டு பெஞ்சு போட்டுக் கொடுங்கள். சவாரிக்குக் காசு கொடுக்க மனம் வராத என்னைப்போன்றவர்களுக்கு.

இப்படிக்கு,
கொசப்பேட்டைவாசி ஒருவன்