யாரைக் கேட்பது என்று கேட்டாயே

அன்புத் தோழிக்கு,

உன் நீண்ட கடிதம் கிடைத்தது. மகள் வீட்டுக்குக் குடிபெயர்ந்த பிறகு எப்படி இருக்கிறாயோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். மூட்டுவலி குறைந்திருக்கிறது, பேத்தி உன்னைவிட்டு நகர்வதில்லை என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால் கடிதத்தில் பாதிக்கு மேல் கீழ்வீட்டு அம்மாளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய். புது இடத்துக்குப் போன கையோடு அடுத்தவர் கவலையை உன் கவலையாக்கிக்கொண்டாய். கல்லூரி விடுதியிலும் நீ இப்படித்தான் இருந்தாய்.

கணவருக்குப் பக்கவாதம், வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறுகிறது, வருமானம் நின்றுபோனது, அந்த அம்மாள் தனியாளாக அவரைத் தூக்கி நிமிர்த்திப் பார்த்துக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறாய். "உதவித் திட்டங்கள் நிறைய இருக்கின்றன என்று எல்லோரும் சொல்கிறார்கள், எங்கே இருக்கின்றன என்றுதான் யாரும் சொல்வதில்லை. நான் யாரைக் கேட்பது?" என்று கேட்டிருக்கிறாய். மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவில் வேலை பார்த்த காலமெல்லாம் என் முன்னால் வந்து நின்றவர்கள் கேட்டது இதைத்தான். இப்போது நூலகத்தின் உதவி மேசையில் உட்காரும்போதும் இதையே கேட்கிறார்கள். அதனால் சுருக்கமாக எழுத மனம் வரவில்லை. பொறுமையாகப் படி.

முதலில் ஒரு வேண்டுகோள். இணையத்தில் கிடைக்கும் பட்டியலை அச்சிட்டு அந்த அம்மாள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதே. பட்டியல்கள் சீக்கிரம் பழசாகிவிடும். தொலைபேசி எண் மாறியிருக்கும், அலுவலகம் இடம் பெயர்ந்திருக்கும், திட்டத்தின் நிபந்தனை திருத்தப்பட்டிருக்கும். இரவெல்லாம் விழித்து நோயாளியைப் பார்த்தவர், பத்து இடங்களுக்குப் பேசி ஒன்பதில் "இது எங்கள் வேலை இல்லை" என்ற பதிலைக் கேட்டுவிட்டால், பத்தாவது இடத்தை அழைக்கவே மாட்டார். வழி தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் முன்னால் அந்த அம்மாளை அழைத்துக்கொண்டுபோய் உட்கார வை. பட்டியல் உன்னிடம் இருக்கட்டும்.

ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கிறது என்று உனக்குக் கோபம் வந்திருக்கிறது. நியாயமான கோபம். அந்த அம்மாளுக்கு இருப்பது ஒரே துன்பம். அதை அலுவலகங்கள் பல துண்டுகளாகப் பார்க்கின்றன. சக்கர நாற்காலி ஒரு துறை, மாதாந்திர உதவித்தொகை இன்னொரு துறை, மருந்துச் செலவு காப்பீட்டுப் பிரிவு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கல்வித் துறை. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுப்பவர் சுகாதாரத் துறையில் இருக்கலாம், தொண்டு நிறுவனத்தில் இருக்கலாம். ஒவ்வொரு திட்டமும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு சட்டத்தின் கீழ் பிறந்தது. ஒரு துறையின் கவுண்டரில் இருப்பவருக்குப் பக்கத்துத் துறையில் என்ன கிடைக்கிறது என்பது பெரும்பாலும் தெரியாது. அவர் கெட்டவர் என்பதால் அல்ல, யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

உன் கேள்விக்கு நேராக வருகிறேன். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனையிலிருந்து தொடங்கு. பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். நோயாளியின் வீட்டு நிலைமையைக் கேட்டு, எந்த உதவிக்கு எங்கே போகலாம் என்று வழிகாட்டுபவர் அவர். நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் அவர் இருப்பதே தெரியாமல் வீடு திரும்பிவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். இது இன்று நேற்று வந்த பதவி இல்லை. லண்டனில் ராயல் ஃப்ரீ மருத்துவமனை 1895-இல் மேரி ஸ்டூவர்ட் என்ற பெண்மணியை இத்தகைய பணிக்கு நியமித்தது. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் 1905-இல் சமூகப்பணியைத் தொடங்கிவைத்தார். மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினால் போதாது, அந்த மருந்தை வாங்கவும் சாப்பிடவும் வீட்டில் நிலைமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று அவர் நினைத்தார். வீடு திரும்பிப் பல நாளாகிவிட்டதே என்று தயங்காதே. மருத்துவமனைக் கோப்பு எண்ணோடு போய்க் கேள்.

அங்கே ஆள் இல்லையென்றால் உள்ளாட்சி அலுவலகத்தின் சமூகநலப் பிரிவு, பொது நூலகம், பிள்ளையின் பள்ளி, அவர் வேலை பார்த்த இடத்தின் தொழிற்சங்கம் என்று வரிசையாகப் பார். நூலகம் என்றதும் உனக்கு வியப்பாக இருக்கலாம். சான்பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009-இல் முழுநேரச் சமூகப் பணியாளரையே வேலைக்கு வைத்துக்கொண்டது. கட்டணமும் கேள்வியும் இல்லாமல் யாரும் உள்ளே போய் உட்காரக்கூடிய இடம் அது என்பதால் துன்பப்படுகிறவர்கள் தாமாகவே அங்கே வருகிறார்கள். எங்கள் மேசைக்கும் அப்படித்தான் வருகிறார்கள்.

போவதற்கு முன்னால் அந்த அம்மாளோடு ஒரு மாலை நேரம் சும்மா உட்கார்ந்து பேசு. மனிதர்கள் முதலில் கேட்பது அவர்களுடைய பெரிய தேவையாக இருப்பதில்லை. கேட்கக் கூச்சமில்லாத சின்ன விஷயத்தைத்தான் முதலில் கேட்பார்கள். "சக்கர நாற்காலி எங்கே கிடைக்கும்?" என்று கேட்டவர், அதற்கு விடை கிடைத்தும் எழுந்து போகாமல் பையின் வாரைத் திருகிக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் அவசரப்படாமல், "இரவில் உங்களுக்குத் தூக்கம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் போதும். வாடகை பாக்கி, அடகு வைத்த நகை, படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகத் துடிக்கும் மகன் எல்லாம் மெல்ல வெளியே வரும். இவை தெரியாமல் போனால் சக்கர நாற்காலிக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுத் திரும்பி வருவீர்கள்.

உனக்கு வரலாறு பிடிக்கும் என்பதால் ஒன்று சொல்கிறேன். வேலையில் சலிப்பு வந்தபோதெல்லாம் எனக்குத் தெம்பு கொடுத்த செய்தி இது. ஜப்பானில் 1918-ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் அரிசி விலை ஏறி நாடெங்கும் கலவரம் மூண்டது. அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒசாகாவின் ஆளுநர் ஹயாஷி இச்சிஸோ முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தபோது, எதிரே இருந்த கண்ணாடியில் தெருவில் மாலைப் பத்திரிகை விற்கும் ஒரு தாயையும் பிள்ளையையும் கண்டாராம். மனம் கேட்காமல் அந்தக் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கச் சொன்னார். கணவர் நோயில் படுத்திருந்தார், பிள்ளைகள் பள்ளிக்குப் போக வழியில்லை என்று தெரியவந்தது. உன் கீழ்வீட்டுக் கதையேதான். இப்படி எத்தனை குடும்பங்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன என்ற கேள்வியிலிருந்து ஒரு ஏற்பாடு பிறந்தது என்று அங்கே சொல்வார்கள். ஊரைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அங்கேயே குடியிருக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கினார்கள். முந்தின ஆண்டே ஒகாயாமா மாவட்டத்தில் இதைப் போன்ற ஒன்று தொடங்கியிருந்தது. இந்த யோசனைக்கு இன்னும் பழைய வேர் ஜெர்மனியில் இருக்கிறது. எல்பர்ஃபெல்ட் நகரில் 1853-லேயே நகரைப் பிரித்துத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்தார்கள். ஒருவர் கையில் சில குடும்பங்களே இருந்தன, அதனால் அவரால் முகம் பார்த்துப் பேச முடிந்தது.

ஜப்பானில் அந்த ஏற்பாடு இன்றும் மின்செய்-இன் என்ற பெயரில் நடக்கிறது. நாடு முழுவதும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். அமைச்சர்தான் நியமிக்கிறார், பதவிக்காலம் 3 ஆண்டுகள், சம்பளம் கிடையாது. கேட்ட ரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது என்று சட்டமே கட்டுப்படுத்துகிறது. தனியாக வாழும் முதியவரைப் பார்த்து வருவதும், எந்த அலுவலகத்துக்குப் போகலாம் என்று சொல்வதும், தேவைப்பட்டால் அங்கே தகவல் சேர்ப்பதும் அவர்கள் வேலை. பணம் கொடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. அதனாலேயே அவர்களிடம் மனம்விட்டுப் பேச முடிகிறது என்று எனக்குத் தோன்றும். உன் கட்டிடத்தில் நீ இப்போது செய்துகொண்டிருப்பது இதைத்தான், யாரும் நியமிக்காமலேயே.

பிரிட்டனில் இரண்டாம் உலகப்போர் அறிவிக்கப்பட்ட மறுநாள், 1939 செப்டம்பர் 4 அன்று, குடிமக்கள் ஆலோசனை நிலையங்கள் சுமார் 200 இடங்களில் திறக்கப்பட்டன. ரேஷன் புத்தகம் தொலைந்தவர்கள், காணாமல் போன உறவினரைத் தேடியவர்கள், கடனில் மூழ்கியவர்கள் என எல்லோரும் ஒரே மேசைக்கு வந்தார்கள். போர் முடிந்தும் அந்த மேசைகள் மூடப்படவில்லை. இன்றுவரை இலவசமாக நடக்கின்றன. அமெரிக்காவில் இந்த மேசையைத் தொலைபேசிக்குக் கொண்டுவந்தார்கள். அட்லாண்டாவில் 1997-இல் தொடங்கிய 211 என்ற எண் 2000-இல் நாடு முழுவதற்கும் ஒதுக்கப்பட்டது. கனடாவிலும் அதே எண்தான். இந்தியாவில் குழந்தைகளுக்கு 1098, மூத்த குடிமக்களுக்கு 14567 என்று ஆளுக்கேற்ற எண்கள் இருக்கின்றன. உன் ஊரில் எந்த எண் என்று உன் மகளுக்குத் தெரிந்திருக்கும். அழைத்தால் ஒன்றைக் கேட்டுப் பார்: "எண்ணைச் சொல்லி விட்டுவிடாமல் நீங்களே அங்கே இணைத்து, அவர்கள் பேசும்வரை லைனில் இருப்பீர்களா?" நல்ல பயிற்சி பெற்றவர்கள் இதைச் செய்வார்கள். நம் நிலைமையை மறுபடி முதலிலிருந்து சொல்லி அழும் வேதனை குறையும்.

அந்த அம்மாள் விண்ணப்பிக்கவே மறுக்கிறார், "பிச்சை வேண்டாம்" என்கிறார் என்று எழுதியிருந்தாய். இதை அவருடைய பிடிவாதம் என்று நினைக்காதே. பமீலா ஹெர்ட், டொனால்ட் மொய்னிஹன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அரசு உதவியை நாடுபவர் சுமக்கும் பாரத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். என்ன திட்டம் இருக்கிறது, நமக்குத் தகுதி உண்டா என்று அறிவதற்கான பாரம் ஒன்று. படிவம், சான்றிதழ், அலைச்சல் எல்லாம் இரண்டாவது. அவமானமும் பதற்றமும் மூன்றாவது. முதலிரண்டையும் நீ பங்குபோட்டுக்கொள்ளலாம். மூன்றாவதை வாதாடித் தீர்க்க முடியாது. அவர் கணவர் உழைத்த காலத்தில் வாங்கிய ஒவ்வொரு பொருளிலும் வரி கட்டியிருக்கிறார், அந்த வரியில் வந்த திட்டம் இது என்று ஒருமுறை சொல். அதற்குமேல் வற்புறுத்தாதே. கூடவே போய் வரிசையில் அவர் பக்கத்தில் நில். பக்கத்தில் ஆள் இருந்தால் கவுண்டரின் தொனிகூட மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

உண்மையில் இத்தனை பாரமும் அவர் தலையில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பெல்ஜியத்தில் சமூகப் பாதுகாப்பு அலுவலகங்கள் தகவலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள 1990-இல் சட்டம் போட்டு ஓர் இணைப்புத் தகவல் வங்கியை அமைத்தார்கள். ஓர் அலுவலகத்திடம் இருக்கும் தகவலை இன்னொன்று மறுபடி கேட்கக் கூடாது. சில சலுகைகள் விண்ணப்பமே இல்லாமல் வந்துசேர்கின்றன. செய்ய முடிகிற காரியம்தான் என்பதற்கு அத்தாட்சி அது. மற்ற இடங்களில் இன்னும் ஒரே சான்றிதழைப் பல இடங்களுக்குச் சுமக்கிறார்கள் என்றால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அது மாறும்வரை காகிதத்தை நாம்தான் காக்க வேண்டும். ஒரு கோப்பு வாங்கு. மருத்துவ அறிக்கை, அடையாள அட்டை, முகவரிச் சான்று, வருமானச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாவற்றுக்கும் நகல்கள் எடுத்து அதில் வை. மூலச் சான்றிதழைக் காட்டலாம், எங்கும் விட்டுவிட்டு வரக்கூடாது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு முதலில் முயற்சி செய். அது கையில் இருந்தால் உதவித்தொகை, பயணச் சலுகை, உபகரணம் என்று மற்றவை அதன் பின்னால் வர வாய்ப்பு உண்டு. யாரிடம் பேசினோம், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்பதை ஒரு நோட்டில் அன்றன்றே எழுது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எந்த விண்ணப்பத்தையும் கொடுக்காதே.

மறுத்தால் மனம் தளராதே. வாய்வார்த்தையாக "கிடைக்காது" என்றால், காரணத்தோடு எழுத்தில் கேள். பெரும்பாலான திட்டங்களில் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. ஆனால் கெடு இருக்கும், அதைத் தவறவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். காணாமல் போன ஒரு காகிதத்துக்காக மறுக்கப்பட்டு, அதைச் சேர்த்ததும் கிடைத்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாசலிலேயே வந்து "நான் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரிடமும், தொலைபேசியில் ஓடிபி கேட்பவரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம் என்று அந்த அம்மாளிடம் சொல்லிவை. நொந்திருக்கும் வீடுகளை அவர்கள் தேடித்தேடி வருகிறார்கள்.

இன்னொன்று, இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். நோயாளிக்கு என்னென்ன கிடைக்கும் என்று தேடும்போது அந்த அம்மாளை மறந்துவிடாதீர்கள். பராமரிப்பவர் சில மணி நேரம் ஓய்வெடுக்க மாற்று ஆள் அனுப்பும் திட்டங்களும், பகல்நேரப் பராமரிப்பு மையங்களும், பக்கவாதம் வந்தவர்களின் குடும்பங்கள் கூடிப் பேசும் குழுக்களும் பல ஊர்களில் இருக்கின்றன. கேட்காமல் யாரும் சொல்லமாட்டார்கள். சமூகப் பணியாளரிடம் போகும்போது இதைத் தனிக் கேள்வியாகவே கேள். அந்த அம்மாள் தன் முதுகு வலியை யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார்.

என் பக்கத்துச் செய்திகள் கொஞ்சம்தான். கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, படிக்க முடிகிறது. தம்பி மகள் சமூகப்பணி முதுகலையில் சேர்ந்திருக்கிறாள். என் பழைய நோட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள், எனக்குப் பெருமையாக இருந்தது. நம்மோடு படித்தவர்களில் சிலர் சேர்ந்து வருடக் கடைசியில் சந்திக்கலாம் என்கிறார்கள். நீ வந்தால்தான் நான் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

மருத்துவமனையில் வீடு திரும்பும்போது கொடுத்த சுருக்க அறிக்கை அந்த அம்மாளிடம் இருக்கிறதா என்று முதலில் பார். நோயின் பெயரும் தேதியும் அதில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்கு அப்படியே எழுதி அனுப்பு. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு அது போதுமா, மறுபடி மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழி